ஸ்டெப்னியும் சக்கரக் கட்டையும்: டிரெய்லர் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிரெய்லர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு டயர் மாற்றச் சொல்லிக்கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. அதில் ஸ்டெப்னி என்கிற மாற்று டயரும், நிற்கும் வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்தை ஒட்டித் தரையில் வைக்கும் கட்டையும்தான் முக்கியம். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவோ வேறு முறையோ சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

கட்டைக்குப் பதிலா ஒரு கல்லு வெச்சா போதாதா?

போதாது. கட்டையின் பலம் அதன் சாய்வான வடிவத்தில் இருக்கிறது. டயர் உருள முயலும்போது அந்தச் சாய்வில் லேசாக ஏறுகிறது. உடனே டயரின் பாரம் கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. வண்டி தள்ளத் தள்ளக் கட்டை இன்னும் இறுகுகிறது. உருண்டைக் கல்லில் இது நடக்காது, டயரோடு சேர்ந்து அதுவும் உருளும். செங்கல் பாரம் தாங்காமல் நொறுங்கும். கையில் கிடைத்த மரத்துண்டு வைத்தால் நார்வாக்கில் பிளந்துகொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. கல் வைத்தவர்கள் புறப்படும்போது அதை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் இருசக்கர வண்டியில் வருபவருக்கு அந்தக் கல் தெரியாது. சொந்தக் கட்டையாக இருந்தால் யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. அப்புறமும் எதுக்குக் கட்டை?

ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லரில், காற்று இருக்கும்வரை அது ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருக்கும். காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல டிரெய்லர்களில் எல்லா ஆக்சிலிலும் (சக்கர அச்சிலும்) ஸ்பிரிங் பிரேக் இருக்காது. இருக்கிற ஆக்சிலிலும் லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தால் பிடிப்பு பாதிதான் கிடைக்கும். வெளியே இருந்து பார்த்தால் அது தெரியாது.

பழைய டிரெய்லர்களில் ஸ்பிரிங் பிரேக்கே இல்லாமல் இருக்கலாம். அவற்றைக் கழற்றி நிறுத்தும்போது பிரேக்கைப் பிடித்திருப்பது டிரெய்லர் டேங்கில் உள்ள காற்று மட்டுமே. எங்காவது சின்னக் கசிவு இருந்தால் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். சாயங்காலம் அசையாமல் நின்ற டிரெய்லர் நடு ராத்திரியில் நகர்வது இப்படித்தான்.

ரோடு சமமாத்தானே இருக்கு, எங்க உருளப் போகுது?

கண் ஏமாற்றும். 100 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறங்கும் ரோடு பார்வைக்குச் சமமாகவே தெரியும். அதில் 40 டன் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 400 கிலோ. நல்ல தார் ரோட்டில் லாரி டயர் உருளாமல் எதிர்க்கும் விசையோ வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்றுதான், சில டயர்களில் அதைவிடக் குறைவு. அதாவது பிரேக் விட்டுப்போனால் அந்தச் 'சமமான' ரோட்டிலேயே வண்டி நகரத் தொடங்கலாம்.

20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் அதே வண்டியை இழுக்கும் விசை 2 டன். டிரெய்லர் உருளத் தொடங்கியபின் ஓடிப்போய்க் கட்டை வைக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரவே கூடாது. ஓடுகிற வண்டியிடமிருந்து விலகி ஓடுங்கள், மற்றவர்களையும் சத்தம் போட்டு விலக்குங்கள்.

எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம் வைக்கணும்?

சரிவில் நின்றால் இறக்கம் உள்ள பக்கத்தில் வையுங்கள், இடது வலது இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும். சமதளத்தில் எந்தப் பக்கம் நகரும் என்று தெரியாததால் முன்னும் பின்னும் வேண்டும். சரிவா சமமா என்று சந்தேகம் வந்தாலும் முன்னும் பின்னும்தான்.

கட்டை, டயர் பட்டையின் நடுவில், நேராக, டயரை ஒட்டி உட்கார வேண்டும். கோணலாக வைத்தால் அழுத்தம் ஓரத்தில் விழுந்து பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடும். கட்டைக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி விடுவது ரொம்பப் பேர் செய்கிற தவறு. ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும், வண்டி அதற்குள் வேகம் பிடித்துக் கட்டை மேல் ஏறித் தாண்டிவிடும். ஒட்டி வைத்த கட்டைக்கும் ஒரு சாண் தள்ளி வைத்த கட்டைக்கும் பிடிப்பில் நிறைய வித்தியாசம் உண்டு.

கட்டை எவ்வளவு பெருசா இருக்கணும்?

டயர் உயரத்தில் கால்பங்கு உயரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு மீட்டர் உயர டயருக்குச் சுமார் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எந்த எடை வண்டிக்குச் செய்தது, எந்த அளவு டயருக்குச் செய்தது என்று கட்டையிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் கட்டையை டிரெய்லருக்கு வைப்பது வைக்காததைவிட மோசம். வைத்தாயிற்று என்ற தைரியத்தில் ஆள் அடியில் போய்விடுவார்.

விரிசல் விட்ட, அடிப்பக்கப் பற்கள் தேய்ந்து வழவழப்பான, எண்ணெய் ஊறிய கட்டையை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் கூட்ட வேண்டாம்.

மண்ணு, சரளை, ஈரத் தரைன்னா?

தரை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் கட்டையும் பிடிக்கும். சரளைக் கல்லில் கட்டை, கல்லோடு சேர்ந்து வழுக்கும். டயர் அருகே உள்ள தளர்ந்த கல்லையும் சேற்றையும் காலால் ஒதுக்கி, கெட்டியான தரை தெரிந்தபின் வையுங்கள். அடியில் பல் உள்ள கட்டை இங்கே நன்றாகப் பிடிக்கும். கெட்டித் தரையே தெரியாத சேறு என்றால் அங்கே ஜாக்கி போடவே கூடாது. அது கட்டையால் தீராத பிரச்சினை.

கட்டை டயருக்கு அடியில இறுகிப்போச்சு. எப்படி எடுக்கிறது?

உதைக்காதீர்கள், கடப்பாரையால் நெம்பாதீர்கள். இறுகியிருக்கிறது என்றாலே வண்டியின் பாரம் அதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நெம்பிய நொடியில் கட்டை தெறிக்கும், வண்டியும் நகரும். இழுக்கும் லாரியைக் கொண்டு டிரெய்லரைக் கட்டையிலிருந்து விலகும் திசையில் கொஞ்சம் அசைத்து, திரும்ப பிரேக் போட்டு, டிரைவர் "எடு" என்று சொன்ன பிறகு எடுங்கள். அசைக்கும்போது யாரும் சக்கரத்துக்கு அருகில் நிற்கக் கூடாது.

வைப்பதும் எடுப்பதும் கைப்பிடியையோ கயிற்றையோ பிடித்துத்தான். வண்டிக்கு வெளியே, சக்கரத்தின் பக்கவாட்டில் நின்று நீட்டி வையுங்கள். டயருக்கும் கட்டைக்கும் நடுவே விரல் போகவே வேண்டியதில்லை.

டிரெய்லரைக் கழற்றும்போது கட்டை முதல்லயா கடைசியிலயா?

கழற்றும்போது முதலில் வைக்க வேண்டும், மாட்டும்போது கடைசியில் எடுக்க வேண்டும். நிறுத்தி, இரண்டு வண்டியின் பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். டிரெய்லருக்குக் கட்டை. அப்புறம்தான் லேண்டிங் கால், காற்றுக் குழாய், டிரெய்லரை லாரியோடு பிணைக்கும் கிங்பின் பூட்டு எல்லாம். லேண்டிங் கால்கள் டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமே. அவை டிரெய்லர் உருளுவதைத் தடுக்கும் என்று நம்பி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாட்டும்போது பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்து, குழாய்களை இணைத்து, கால்களைத் தூக்கி, பிரேக் பிடித்திருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு கட்டையை எடுங்கள். எடுத்த கட்டை அதன் கூண்டுக்குள் போனபிறகுதான் டிரைவர் சீட்டில் ஏற வேண்டும். கட்டையை மறந்து புறப்படுகிறவர்கள் அதன் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டி, அதன் ஜோடித் துணியை ஸ்டியரிங்கில் தொங்கவிடலாம். எளிய வழி, வேலை செய்கிறது.

லோடு ஏத்தும்போது பிரேக் போட்ட டிரெய்லர் தானா முன்னாடி நகருது. பேயா இது?

இரண்டு காரணம் இருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய்ப் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் டிரெய்லரை முன்னே தள்ளுகிறது. நாள் முழுக்க நடந்தால் லோடு ஏற்றும் மேடைக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி விழும். அதில் ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் இறங்கினால் ஓட்டுபவர் அதோடு கீழே போவார். இதற்குக் கட்டைதான் மருந்து.

இரண்டாவது காரணம் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப் பலூன்கள் வண்டியைத் தாங்கும் ஏற்பாடு. பலூனில் காற்று கூடும்போதும் குறையும்போதும் ஆக்சிலைத் தாங்கும் கை மேலும் கீழுமாகச் சுழலும். சக்கரம் பிரேக்கில் பூட்டியிருப்பதால் அந்தச் சுழற்சி சக்கரத்தையும் கொஞ்சம் உருட்டி, டிரெய்லரை அங்குலம் அங்குலமாக நகர்த்திவிடும். லோடு ஏற்றுமுன் சஸ்பென்ஷன் காற்றை இறக்கிவிட்டு, டிரெய்லர் நிலையாக உட்கார்ந்தபின் கட்டையை ஒட்டி வையுங்கள். முதலில் கட்டை வைத்துவிட்டுக் காற்றை இறக்கினால் கட்டை இறுகிக்கொள்ளும்.

ஸ்டெப்னி என்ன வெயிட் இருக்கும்? தனியாத் தூக்கலாமா?

22.5 அங்குல டயர், அது மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கோடு சேர்ந்து 100 கிலோவைச் சுற்றி வரும். அகலமான ஒற்றை டயர் என்றால் அதைவிடக் கனம். தனியாகத் தூக்கவே கூடாது. இரண்டு பேர் தூக்கினாலும் ஆளுக்கு 50 கிலோ, அதுவும் பிடிக்க வாகில்லாத உருண்டைப் பாரம். இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் தொந்தரவு.

தூக்காமல் வேலையை முடிக்கப் பாருங்கள். தரையில் உருட்டுங்கள், சக்கரம் வைத்த டயர் வண்டி இருந்தால் அதில் ஏற்றுங்கள். போல்ட்டில் மாட்டும்போது டயரைத் தூக்கி ஏற்றுவதற்குப் பதிலாக, ஜாக்கியால் ஆக்சில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். டயர் தரையில் நிற்கையிலேயே துளைகள் போல்ட்டுக்கு நேராக வர வேண்டும். ஒரு தட்டையான கம்பியை அடியில் கொடுத்து ஒரு அங்குலம் நெம்பினால் உள்ளே போய்விடும்.

உருட்டிட்டுப் போறப்ப சாய்ஞ்சா பிடிக்கலாமா?

விட்டுவிடுங்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு தம்பி சாய்ந்த டயரைக் காலைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தார். பாதத்தில் மூன்று எலும்பு முறிந்தது. டயர் விழுந்தால் ஒன்றும் ஆகாது, திரும்ப நிமிர்த்திக்கொள்ளலாம். பக்கவாட்டில் நடந்து, கையைப் பட்டையின் மேல்பகுதியில் வைத்து, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்து உருட்டுங்கள். இறக்கத்தில் டயரை உருட்டக் கூடாது, அது உங்களைவிட வேகமாகப் போகும். நிற்க வைத்து விட்டுப்போக வேண்டாம், படுக்க வையுங்கள். படுத்த டயரை நிமிர்த்த இரண்டு பேர், முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல்.

சேசிஸ் அடியில தொங்குற ஸ்டெப்னியை இறக்கறப்ப என்ன கவனிக்கணும்?

முதலில் மேலே சொன்னபடி கட்டை. அப்புறம் கம்பி வடத்தையோ சங்கிலியையோ டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் சேறும் தண்ணீரும் பட்டுப்பட்டு அதுதான் முதலில் துருப்பிடிக்கும். இழை அறுந்திருந்தாலோ, டயரை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கைப்பிடி சுற்றும்போது தடுமாறினாலோ, டயருக்கு அடியில் ஜாக்கியோ அடுக்கிய மரமோ முட்டுக்கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

பூட்டு போல்ட்டைக் கழற்றுமுன் வின்ச்சை லேசாக மேலே சுற்றி, பாரம் முழுவதும் வின்ச்சுக்கு வரட்டும். அதற்குப் பிறகு பூட்டு, அதற்குப் பிறகு இறக்கம். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று அடிக்கக்கூடும், அதனால் அதன் சுற்றுவட்டத்துக்கு நேராக முகமோ இன்னொரு கையோ இருக்கக் கூடாது. டயருக்கு அடியில் தலையோ தோளோ காலோ போகவே கூடாது. தரையில் இறங்கியதும் ஊர்ந்து போய் இழுக்காமல், கொக்கி வைத்த நீளக் கம்பியால் வெளியே இழுங்கள்.

நட்டை முதல்ல லூஸ் பண்ணணுமா, ஜாக்கி முதல்லயா?

கட்டை, பிறகு நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தல், பிறகு ஜாக்கி, பிறகு பாரம் தாங்கும் ஸ்டாண்டு, பிறகு நட்டுகளை முழுதாகக் கழற்றல். சக்கரம் தரையில் இருக்கும்போது தளர்த்தினால்தான் ஸ்பேனரில் போடும் பலம் ஜாக்கியை ஆட்டாது.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. டிஸ்க் ஒரே துண்டாக இல்லாமல், டயரைப் பிடித்திருக்கும் தனி வளையம் (லாக் ரிங்) வைத்ததாக இருந்தால், நட்டில் ஸ்பேனர் வைக்குமுன் டயரிலிருந்து காற்றை முழுதாக இறக்க வேண்டும். ஜோடி டயர் என்றால் இரண்டிலிருந்தும். வால்வுக்குள் இருக்கும் முள்ளைக் கழற்றி, 'ஸ்' சத்தம் நின்றபின் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு இல்லை என்று பாருங்கள். துருவேறிய அல்லது விரிசல் விட்ட டிஸ்க்கை, காற்றின் அழுத்தத்துக்கு எதிராகப் பிடித்திருப்பதே நட்டுகளாக இருக்கலாம். அவற்றைக் கழற்றினால் ரிங் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். ஒற்றைத் துண்டு டிஸ்க்கில் விரிசல் தெரிந்தாலும் இதேபோல் காற்றை இறக்கிவிட்டே தொடுங்கள்.

ஸ்பிரிங் பிரேக் இருக்கிற ஆக்சிலையே ஜாக்கியில தூக்கினா வண்டி எதுல நிக்கும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சக்கரம் தரையைத் தொடாவிட்டால் அதன் பிரேக் எதையும் பிடிக்காது. இரண்டாவது கேள்வியில் சொன்னபடி சில ஆக்சிலில்தான் ஸ்பிரிங் பிரேக் இருக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் டிரெய்லரின் பிடிப்பில் பெரிய பங்கு போய்விடுகிறது. அதனால் தூக்காத ஆக்சிலின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும், இழுக்கும் லாரியின் சக்கரங்களுக்கும் வையுங்கள். ஜாக்கி தரையில் அகலமான பலகை மேல் நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம்.

காத்து போய் பிரேக் பிடிச்சிடுச்சு. ஸ்பிரிங்கை போல்ட் போட்டு இழுத்து விடுவிக்கலாமா?

அதற்கென்று கொடுத்திருக்கும் போல்ட்டால், முறை தெரிந்தவர் செய்யலாம். ஆனால் அதைச் செய்த நொடியில் அந்தச் சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக் இல்லை. கட்டை வைக்காமல் போல்ட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் அடைத்திருக்கும் சேம்பரின் கிளாம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் பிழைப்பது கடினம்.

காத்து கம்மியா ஓடின டயருக்கு அப்படியே காத்தடிச்சா என்ன?

இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ காற்றோடு ஓடிய டயரைக் காற்றுப் போன டயர் என்றே எண்ணுங்கள். அப்படி ஓடும்போது பக்கச் சுவர் திரும்பத் திரும்ப மடங்கி, உள்ளே உள்ள இரும்பு இழைகள் முறிந்திருக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. காற்று ஏற ஏற ஒவ்வொரு இழையாக விட்டு, ஜிப் திறப்பதுபோல் பக்கச் சுவர் ஒரே கோட்டில் பிளக்கும். 'பட்பட்' என்று சத்தமோ, பக்கச் சுவரில் அலை அலையாக வீக்கமோ தெரிந்தால் கிட்டே போகாமல் காற்று வருவதை நிறுத்திவிட்டு விலகுங்கள்.

இப்படிப்பட்ட டயரைக் கழற்றி, உள்ளே சோதித்த பிறகே காற்றடிக்க வேண்டும். அதுவும் இரும்புக் கூண்டுக்குள், வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் முனையோடு, நீளக் குழாயோடு. பக்கச் சுவருக்கு நேராக நிற்க வேண்டாம்.

ஸ்டெப்னியில எவ்வளவு காத்து வெச்சிருக்கணும்?

உங்கள் வண்டியில் எந்தச் சக்கரத்துக்கு அதிகக் காற்றோ, அந்த அளவு. தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம், ரோட்டோரம் ஏற்றுவதுதான் கஷ்டம். மாதம் ஒருமுறையாவது கேஜ் வைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அளவு சொல்லாது.

ஓடாத டயரும் கிழடாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டை புதிதாக இருந்தும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால் அதை ஸ்டெப்னி என்று நம்பிப் போக வேண்டாம்.

ஜோடி டயர்ல ஒண்ணு மட்டும் புது ஸ்டெப்னி போடலாமா?

உயரம் ஒத்துப்போனால் போடலாம். பெரிய லாரி டயர்களில் ஜோடியின் விட்டம் சுமார் 12 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் பெரிய டயர் பாரத்தைச் சுமந்து சூடாகும், சிறியது உரசித் தேயும். ரேடியலையும் சாதா டயரையும் ஜோடி சேர்க்கவே வேண்டாம். பக்கத்தில் மாற்று கிடைக்கும்வரை மெதுவாகப் போய்ச் சேர்வது வேறு, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவது வேறு.

ட்ராஃபிக் போற பக்கம் பஞ்சர் ஆயிடுச்சு. அங்கேயே மாத்தலாமா?

மாற்றாதீர்கள். மெதுவாக உருட்டி அகலமான, கெட்டியான இடத்துக்குப் போங்கள். டயர் போனால் போகட்டும். நகரவே முடியாது என்றால் விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணங்களை வண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்து, ரோட்டைவிட்டு விலகி நின்று உதவி கேளுங்கள்.

நட்டை பைப் போட்டு ஏறி நின்னு இறுக்கினா போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 மி.மீ. போல்ட் உள்ள கனரகச் சக்கரங்களுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் முறுக்கு 600 முதல் 700 நியூட்டன் மீட்டர். 65 கிலோ ஆள், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் அசையாமல் நின்றாலே சுமார் 640 வந்துவிடும். இரண்டு மீட்டர் பைப்பில் குதித்தால் போல்ட் நீண்டு, அதன் பிடிப்பே போய்விடும். அளவு காட்டும் டார்க் ஸ்பேனர்தான் சரி. எதிரெதிர் நட்டாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். டிஸ்க்கும் அது மாட்டும் ஹப்பும் ஒட்டும் முகத்தில் துரு, மண், தடித்த பெயின்ட் இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். அவை ஓட்டத்தில் அமுங்கி நட்டு தளரும்.

ஒரு போல்ட் உடைந்திருந்தால் அதோடு இரண்டு பக்கமும் உள்ள போல்ட்டையும் மாற்றுங்கள், உடைந்ததன் சுமையை அவைதான் தாங்கியிருக்கும். இரண்டோ அதற்கு மேலோ உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் எல்லாமே புதிது.

மாட்டியாச்சு. உடனே கிளம்பலாமா?

ஜாக்கியை இறக்கி, கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் இருக்கும்போது கொடுங்கள். பஞ்சர் ஆன டயர் ஸ்டெப்னி கூண்டில் ஏறி, வின்ச் இறுகி, அதற்குமேல் பூட்டு போல்ட்டோ பாதுகாப்புச் சங்கிலியோ விழ வேண்டும். வடம் அறுந்தாலும் டயர் ரோட்டில் விழாமல் பிடிப்பது அந்த இரண்டாவது பூட்டுதான். 100 கிலோ டயர் பின்னால் வரும் காரின் முன்கண்ணாடிக்கு எதிரே துள்ளுவதை நினைத்துப் பாருங்கள். பிறகு கட்டைகளை எண்ணி எடுத்துக் கூண்டில் போடுங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை டார்க் ஸ்பேனரால் திரும்பப் பாருங்கள். அதே நிறுத்தத்தில் ஸ்டெப்னியின் பூட்டையும் ஆட்டிப் பாருங்கள். அங்கேயும் வண்டிக்கு அருகில் வேலை தொடங்குமுன் கட்டை வைத்துவிட்டுத்தான்.